கன்னி மூலை டேங்க்கும் கத்திரி வெயிலும்

மே மாதம் இரண்டாவது வாரம். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சென்னைப் புறநகரில் எங்கள் மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்தால் கொப்புளம் போடும். பக்கத்து வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன சார், இந்த வெயிலுக்கு உங்க வீட்ல கரண்ட் கொட்டுமே!" என்றார். கைப்பேசியைத் திறந்து காட்டினேன். அன்றைக்கு 13 யூனிட். மார்ச் மாதத்தில், விடியலில் இன்னும் இளங்குளிர் மிச்சமிருந்த நாட்களில், இதே ஆறு சோலார் பேனல்கள் 15 யூனிட் தந்திருந்தன. அவர் நம்பவில்லை. "எதுக்கும் ஆளைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கிப் போனார்.

கோளாறு ஏதும் இல்லை. வெயில் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதற்குள் ஒளியும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. வடகம் காய இரண்டும் வேண்டும். சோலார் பேனலுக்கு ஒளி மட்டும் போதும். சூடு அதற்கு ஆகாது.

ஏன் ஆகாது? பேனலில் உள்ள ஒவ்வொரு சிலிக்கான் கலத்தையும் ஒரு சிற்றேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளித்துகள்கள் எலக்ட்ரான்களை அணுவின் பிடியிலிருந்து கிளப்பி ஏரிக்குள் இறைத்துக்கொண்டே இருக்கின்றன. கலத்துக்குள் இருவகைச் சிலிக்கான் சந்திக்கும் எல்லைதான் ஏரிக்கரை. கரைக்குள் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அது வோல்ட்டேஜ். மதகு வழியே எவ்வளவு பாய்கிறதோ அது ஆம்பியர். கலம் சூடேறினால் இறைப்பு குறைவதில்லை. துளி கூடவும் செய்யும். ஆனால் கரையில் கசிவு பெருகிவிடுகிறது. சூட்டில் துள்ளும் எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றைச் சுற்றி வராமல் குறுக்கே திரும்பிப் போய் அணுக்களோடு சேர்ந்துகொள்கின்றன. எவ்வளவு இறைத்தாலும் நீர்மட்டம் நிற்பதில்லை. ஒரு டிகிரி ஏறினால் ஒரு கலத்தில் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். அற்பம்தான். ஆனால் என் வீட்டில் ஒரு பேனலுக்கு 72 கலம் என்று ஆறு பேனலில் 432 கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. 40 டிகிரி ஏறினால் வரிசை முழுவதிலும் 35 வோல்ட் போய்விடும்.

பேனலின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். 540 வாட் என்று அதில் இருந்தால், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழுந்து, கலத்தின் வெப்பநிலை 25 டிகிரியில் இருக்கும்போது 540 வாட் என்று பொருள். அது ஆய்வுக்கூடக் கணக்கு. நம் ஊரில் அவ்வளவு ஒளியும் 25 டிகிரியும் சேர்ந்து வாய்ப்பதே இல்லை. உச்சி வெயிலில் கலத்தின் சூடு காற்றைவிட 25 முதல் 30 டிகிரி கூடுதலாக இருக்கும். வெளியே 40 என்றால் கலத்துக்குள் 65, 70. இப்போது விற்கும் பேனல்களில் டிகிரிக்கு 0.35 சதவீதம் என்ற அளவில் இழப்பு. பெருக்கிப் பாருங்கள்: சீட்டில் எழுதியதில் 14 முதல் 16 சதவீதம் சூட்டுக்கே காணிக்கை.

இதை முழுவதும் மீட்க முடியாது, குறைக்கலாம். பேனலின் முதுகுக்குக் காற்று வேண்டும். தகரக் கூரையோடு ஒட்டினாற்போல் பதித்தால் அடியில் சிக்கிய காற்றும் கொதிக்கும். ஆள் நடமாடும் உயரத்துக்குக் கால் நட்டுத் தூக்கிக் கட்டும் நம்மூர்ப் பழக்கம் துணி காயப்போட இடம் வேண்டும் என்று தொடங்கியதுதான். பேனலுக்கும் அது நன்மையாகவே முடிந்தது. ஒரே எச்சரிக்கை, உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் கூடும். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்தவர்கள் கால்களைக் கான்கிரீட்டில் இறக்கும் செலவில் சிக்கனம் பிடிக்க மாட்டார்கள். சிலர் நண்பகலில் பேனல் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். குளிர்ந்ததும் மின்சாரம் கூடுவது உண்மை. ஆனால் அது ஈரம் இருக்கும்வரைதான். மோட்டார் குடித்த கரண்டையும், போர் தண்ணீர் கண்ணாடியில் விட்டுப் போகும் உப்பையும் கணக்கில் சேர்த்தால் நஷ்ட வியாபாரம்.

சரி, மார்ச்சுக்கும் மேக்கும் இடையே காணாமல் போன 2 யூனிட்டையும் சூடே தின்றுவிட்டதா? இல்லை. மார்ச்சிலும் கலம் 55, 60 டிகிரிக்குப் போகத்தான் செய்யும். சூட்டின் பங்கு மொத்த உற்பத்தியில் மூன்று, நான்கு சதவீதம்தான். இன்னொரு காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. பேனல்களோ தெற்கே சாய்ந்து படுத்திருக்கின்றன. கத்திரி வெயிலில் சூரியனுக்கு முதுகைச் சற்றே திருப்பிக்கொண்டுதான் அவை வேலை பார்க்கின்றன. நண்பகலில் இதனால் ஏறக்குறைய 5 சதவீதம் போகிறது. மிச்சம் கோடைக்காலத்துப் புழுக்க மூட்டத்துக்கும் தூசிக்கும்.

சாய்வுக் கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சோலார் போட்ட நான்கு பேர் கூடினால் முதலில் கிளம்பும் சண்டை இதுதான். 10 டிகிரியா, 13 டிகிரியா, 15 டிகிரியா? ஐரோப்பியர்கள் 30, 35 என்கிறார்களே? ஜெர்மனி 50 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்தோடு ஒட்டி நடக்கிறது. அவர்கள் கணக்கு அவர்களுக்கு. நம் ஊரில் இந்தச் சண்டையே வீண் என்பது என் கட்சி. நேராக விழ வேண்டிய ஒளி 15 டிகிரி பிசகி விழுந்தால் இழப்பு 3.4 சதவீதம் மட்டுமே. கொசைன் என்று பள்ளியில் படித்தோமே, அது சிறு கோணங்களில் அவ்வளவு தாராளம். கிழக்கு, மேற்குப் பார்த்துத்தான் இடம் இருக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். சாய்வை 10 டிகிரியில் நிறுத்தினால், ஆண்டுக் கணக்கில் மிகச் சில சதவீதமே குறையும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: 10 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். அதற்குக் கீழே மழைத் தண்ணீர் வழியாமல் சட்டத்தின் கீழ் விளிம்பில் தேங்கும். காய்ந்ததும் அங்கே சேறு ஒரு கோடாகப் படியும். அந்தக் கோடு என்ன பாடு படுத்தும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பேனலையே இன்னும் கசக்கிப் பிழிய முடியாதா என்று கேட்கலாம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் செய்து காட்டிய சிலிக்கான் கலம் விழுந்த ஒளியில் ஏறக்குறைய 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று நம் மாடிகளில் ஏறும் பேனல்கள் 20 முதல் 22 சதவீதம். ஒரே வகைப் பொருளால் ஆன கலம் எவ்வளவு முயன்றாலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட முடியாது என்று 1961இல் ஷாக்லியும் க்வைஸரும் கணக்குப் போட்டு நிறுவிவிட்டார்கள். அந்த ஓட்டம் ஆய்வகக்காரர்களுடையது. நமக்குக் கிடைத்த அந்த 20, 22 சதவீதம் மாடியிலிருந்து மீட்டருக்கு வந்து சேர்வதற்குள் எங்கெங்கே கைநழுவுகிறது என்பதே வீட்டுக்காரர் கவலை.

என் வீட்டில் பெரிய திருட்டு கன்னி மூலையில் நடந்தது.

ஆறு பேனல்களுக்கும் இடம் குறித்தது ஒரு மே மாதப் பிற்பகல். பொருத்த வந்தவர் மாடியைச் சுற்றிப் பார்த்து, நிழலே இல்லை என்று சான்று கொடுத்தார். அன்று அது உண்மைதான். நவம்பர் கடைசியில், மழை விட்டு வானம் துடைத்துவிட்டது போல் இருந்த ஒரு நாளில், 12 யூனிட்டை எதிர்பார்த்த எனக்கு 8 வந்தது. மறுநாள் மூன்று மணிக்கு மாடிக்கு ஏறிப் பார்த்தேன். தண்ணீர் டேங்க்கின் நிழல் இரண்டு பேனல்களின் மேல் சாய்வாகப் படுத்திருந்தது.

வாஸ்துப்படி உயரமான பாரம் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்க வேண்டும். ஆகவே நம் வீடுகளில் தண்ணீர் டேங்க் பெரும்பாலும் அங்கேதான் ஏறி உட்காருகிறது. டிசம்பர் மாதம் பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியனும் ஏறத்தாழ அதே மூலையில், அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில் நிற்கிறது. பேனல் மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயர்ந்த டேங்க்கின் நிழல் அப்போது வடகிழக்காக நாலரை மீட்டருக்கு மேல் நீளும். மே மாதத்தில் அதே நேரத்துச் சூரியன் மேற்கில், சற்று வடக்கே ஒதுங்கி இருப்பதால் நிழல் கிழக்கில், சற்றுத் தெற்கே ஒதுங்கி விழுந்துவிடும். நிழல் பார்க்க மே மாதம் மாடி ஏறுவது, வெள்ளம் வருமா என்று பார்க்கச் சித்திரையில் ஏரிக்குப் போவது மாதிரி.

டேங்க் மறைத்தது இரண்டு பேனல்களை. அதிலும் முழுதாக அல்ல. அப்படியிருக்க இழப்பு ஏன் இவ்வளவு? கான்கிரீட் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இருபது பேரில் ஒருவர் தளர்ந்தால் வரிசை முழுவதும் அவர் வேகத்துக்கு இறங்கிவிடும். முன்னால் நிற்பவர் எவ்வளவு தெம்பாக இருந்தும் பயனில்லை. தொடர் இணைப்பில் கோத்த கலங்களும் அப்படித்தான். எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் போயாக வேண்டும். ஒரு கலத்தின் மேல் ஒரு கை அகல நிழல் விழுந்தாலும் அதன் ஓட்டம் சரிகிறது. மற்றவை அதைத் தள்ளப் பார்க்கும்போது, நிழலில் உள்ள கலம் மின்சாரம் தருவதை விட்டு மின்சாரத்தைத் தின்று சூடாகத் தொடங்கும். பழைய பேனல்களில் தெரியும் பழுப்புக் கருகல்களில் பல இப்படி வந்தவை.

இதைத் தடுக்க ஒவ்வொரு பேனலிலும் பொதுவாக மூன்று டயோடுகள் வைக்கிறார்கள். மேஸ்திரி தளர்ந்த ஆளை மட்டும் விலக்கத் தெரியாமல், அவர் இருக்கும் குழுவையே விலக்கிவிட்டுச் சட்டியைத் தாண்டிக் கொடுக்கச் சொல்வது போல, நிழல்பட்ட கலம் உள்ள மூன்றில் ஒரு பகுதியை டயோடு வழிவிட்டுக் கடந்துவிடும். ஒரு காகத்தின் பெரிய எச்சம் பேனலில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிவிடும் ரகசியம் இதுதான்.

அந்த மூன்று பகுதிகளும் பேனலின் நீளவாக்கில் ஓடுகின்றன. பேனலை நெட்டாக நிறுத்திக் கீழ் விளிம்பில் ஒரு முழம் நிழலோ, முன்னே சொன்ன சேற்றுக் கோடோ விழுந்தால் மூன்றும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொள்ளும். முழுக் கலங்கள் கொண்ட பழைய பேனல் என்றால் ஏறக்குறைய எல்லாம் போச்சு. அதே பேனலைப் படுக்கையாக வைத்திருந்தால் ஒரு பகுதி மட்டுமே போகும். இப்போது வரும் பேனல்களில் கலங்களைப் பாதியாக வெட்டி, மேல் பாதியையும் கீழ் பாதியையும் தனித்தனிச் சித்தாள் வரிசையாக்கிப் பக்க இணைப்பில் சேர்த்திருக்கிறார்கள். கீழே நிழல் விழுந்தாலும் மேல் பாதி பாட்டுக்கு ஓடும். பேனல் வாங்கும்போது நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். அது அரைக் கலப் பேனல்.

டேங்க்கை நகர்த்த வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை. கன்னி மூலையை எதிர்த்து இயற்பியல் வென்றதாக எங்கள் வீட்டில் வரலாறு இல்லை. இரண்டு பேனல்களைப் பெயர்த்துக் கிழக்கு ஓரமாக, கைப்பிடிச் சுவரைவிட உயர்ந்த கால்களில் வைத்தோம். அப்படி நகர்த்த இடமே இல்லாதவர்கள், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரைப் பேனலுக்கு ஒன்றாக, மைக்ரோ இன்வெர்ட்டராகப் போடலாம். வரிசையே இல்லாமல் ஒவ்வொரு பேனலும் தனித்துழைக்கும். விலை அதிகம். நிழலே இல்லாத மாடியில் அதற்குச் செலவழிப்பது வீண்.

அடுத்த திருட்டைக் கண்டுபிடிக்க மாடி ஏற வேண்டியிருக்கவில்லை. இன்வெர்ட்டர் தரும் அன்றாட வரைபடம் போதுமாக இருந்தது. மேகமில்லாத நாளில் அந்தக் கோடு காலையில் எழுந்து, நண்பகலில் உச்சி தொட்டு, மாலையில் வழுவழுவென்று இறங்கும் ஒரு குன்று. நாள்தோறும் ஒரே நேரத்தில் குன்றின் சரிவில் பள்ளம் விழுந்தால் அது நிழல்; டேங்க்கோ தென்னை மட்டையோ செல்போன் கோபுரமோ, போய்த் தேடலாம். வடிவம் கெடாமல் குன்று மொத்தமாகக் குட்டையாகிக்கொண்டே வந்தால் தூசி. உச்சி மட்டும் கத்தியால் சீவியது போல் தட்டையாக இருந்தால் இன்வெர்ட்டரின் கொள்ளளவு அவ்வளவுதான். எனக்கு வந்தது நான்காவது வகை. நண்பகல் நேரத்தில் கோடு செங்குத்தாகப் பூஜ்யத்தில் விழுந்தது, சில நிமிடம் கிடந்தது, எழுந்தது, மீண்டும் விழுந்தது.

மின்சாரமும் மேட்டிலிருந்துதான் பள்ளத்துக்குப் பாயும். வீட்டில் மிஞ்சியதை மின்வாரியக் கம்பிக்குத் தள்ள வேண்டுமென்றால், இன்வெர்ட்டர் தன் வோல்ட்டேஜைக் கம்பியைவிடச் சற்று உயர்த்தியாக வேண்டும். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது இடையிலுள்ள ஒயரின் தடையைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் மாடி இன்வெர்ட்டரிலிருந்து தரைத்தள மீட்டர் வரை 30 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்திருந்தார்கள். 3 கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். போக வர 60 மீட்டர் செம்புக் கம்பியில் கிட்டத்தட்ட 6 வோல்ட் விழும். 75 வாட் ஒயரைச் சூடாக்குவதில் கழியும். அந்த 75 வாட்கூடப் பெரிதில்லை. தெருவில் ஏற்கெனவே வோல்ட்டேஜ் தூக்கலாக இருக்கும் நேரத்தில், இந்த 6 வோல்ட்டும் மேலே ஏறி உட்கார, பாதுகாப்பு எல்லை தாண்டிவிட்டது என்று இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொண்டது. ஒயரை 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினோம். தண்ணீர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் காலையிலிருந்து நண்பகலுக்கு மாற்றினோம். வீட்டுக்குள்ளேயே செலவாகிவிட்டால் வெளியே தள்ள வேண்டியது குறைகிறது, வோல்ட்டேஜும் அடங்குகிறது. பூஜ்யம் அத்தோடு நின்றது. ஒயருக்கு ஆன செலவு ஒரு பேனல் விலையில் சிறு பகுதி.

இன்வெர்ட்டரை எங்கே மாட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டினால், தன் உள்சூட்டுக்குப் பயந்து அது தானாகவே உற்பத்தியைக் குறைக்கும். மாடிப்படிக்கு அடியில், காற்று படும் இடம் நல்லது.

இனி தூசி. 2017இல் டியூக் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெர்கினும் ஐ.ஐ.டி. காந்திநகர் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில வாரங்கள் தூசி படியவிட்டுத் துடைத்தபோது, ஒவ்வொரு முறையும் பேனலின் திறன் ஏறக்குறைய 50 சதவீதம் உயர்ந்தது. குஜராத்தின் வறண்ட புழுதி வேறு, நம் கடற்கரைக் காற்று வேறு. இங்கே அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழை இலவசமாகக் கழுவிவிடும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வெயில் குறைவு. நல்ல வெயில் அடிக்கும் ஜனவரி முதல் மே வரை மழையே இல்லை. வருமானம் அதிகம் வரும் மாதங்களில்தான் கண்ணாடி அழுக்காக இருக்கிறது. போகிப் புகை அடங்கியதும் முதல் கழுவல், பிறகு கோடை முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது என் கணக்கு.

கழுவுவது காலையில் வெயில் ஏறும் முன். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம். மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ உத்தமம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சேமித்துப் பேனலைக் கழுவும் நல்ல மனம் படைத்தவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. கண்ணாடியில் வெள்ளைத் திரையாகப் படிந்துவிட்டால் பிறகு தேய்த்தாலும் போகாது. சோப்புத் தூளும் தேங்காய் நாரும் கண்ணாடியின் மேல் பூச்சைக் கீறும். ஈர மெல்லிய துணியும் ரப்பர் துடைப்பானும் போதும். கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் இந்த வேலையை ரோபோக்கள் செய்கின்றன. நம் ஆறு பேனலுக்கு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஆகும்.

ஐ.ஐ.டி. பம்பாயும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் பேனல்களை அளந்து பார்த்த ஆய்வுகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது: தரையில் நிறுவியவற்றைவிடக் கூரைப் பேனல்கள் வேகமாக மூப்படைகின்றன. சூடு ஒரு காரணம். பொருத்தும்போது காட்டிய அவசரம் இன்னொன்று. 25 ஆண்டு உழைக்க வேண்டிய பொருளை ஒரே பிற்பகலில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். மத்திய அரசின் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று 2024இல் அறிவிக்கப்பட்ட பிறகு நம் தெருக்களிலும் பேனல்கள் வேகமாக ஏறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளை மே மாதம் கூப்பிடாதீர்கள். டிசம்பரில் ஒரு நாள், காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று ஆகிய மூன்று வேளையும் மாடிக்குப் போய், நிழல் விழும் விளிம்பைச் சாக்பீஸால் கோடு கிழித்து வையுங்கள். கோட்டுக்கு வெளியே இருப்பதுதான் பேனலுக்கான இடம்.